களியக்காவிளை வீடுகளும் சர்ஜ் பாதுகாப்பும்: எதை முதலில் செய்வது?

சித்திரை மாதப் பிற்பகலில் கிழக்கே மலைப் பக்கம் வானம் கறுத்தால், களியக்காவிளை வட்டாரத்தில் வீட்டு மூத்தவர்கள் முதலில் சொல்வது, “மக்ளே, பிளக்கையெல்லாம் ஊரிப் போடு” என்பதுதான். டிவியும் ஃபிரிட்ஜும் மோடமும் சுவரிலிருந்து விடுபட்டு நிற்கும். இடி ஓய்ந்த பிறகே திரும்பச் சொருகுவார்கள். இதைவிட மலிவான, இதைவிட உறுதியான காப்பு இன்றுவரை வரவில்லை. ஆனால் இன்றைய வீட்டில் ஊர முடியாத பொருள்கள் பெருகிவிட்டன. சீலிங் ஃபேனுக்குள் மின்னணு போர்டு வந்துவிட்டது. கேமரா முற்றத்துத் தூணில் இருக்கிறது, மோட்டார் கிணற்றில் இருக்கிறது, சோலார் தகடு மொட்டை மாடியில் இருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில், வீடு பூட்டியே கிடக்கிறது என்ற நிலையும் இங்கே பல குடும்பங்களில் உண்டு. பிளக்கை ஊர அங்கே யார் இருக்கிறார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து விளையில், அதாவது தோட்டத்தில், ஒரு தென்னையில் இடி விழுந்தது. எங்கள் வீட்டில் மோடம், கேமரா பதிவுப் பெட்டி, இரண்டு ஃபேன், ஃபிரிட்ஜ் போர்டு எல்லாம் ஒரே நொடியில் போயின. மோடம் செருகியிருந்த ‘ஸ்பைக்’ பெட்டியை நான் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு நீல வில்லை, ஒரு பக்கம் வெடித்துக் கருகியிருந்தது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அந்த ஒரு வில்லை மட்டும்தான். எர்த் கம்பியோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. அந்தப் பெட்டி செருகியிருந்த சுவர் சாக்கெட்டின் எர்த் துளையைப் பிரித்துப் பார்த்தால், அதற்குப் பின்னால் கம்பியே போடப்படவில்லை. பாதுகாப்பு என்று நம்பிப் பணம் கொடுத்த பொருள், பாதுகாக்க வழியே இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தது. கடையில் எதை வாங்கலாம் என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்த நான், வீட்டில் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று அன்றிலிருந்து தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலில் கிடைத்தவற்றைத் தொகுத்துச் சொல்வதே இந்தக் கட்டுரை.

இடமும் இடியும்

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியின் பகுதியாக இருந்த இந்த எல்லை ஊரில், மழையை இன்றும் இரண்டு மலையாள மாதங்களின் பெயரால் சொல்வார்கள். இடவப்பாதியில் தென்மேற்குப் பருவம், துலாமாதத்தில் வடகிழக்குப் பருவம். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு இரண்டாவதே பெரிய மழை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டும் கிடைக்கின்றன. இடி அதிகம் வெட்டுவது பருவமழையின் நடுவில் இல்லை. இடவப்பாதிக்கு முந்தைய மேடம், இடவ மாதங்களிலும் பிறகு துலாமழையிலும்தான். பகலில் சூடேறிய காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவில் ஏறி, மாலைக்குள் இடிமேகமாகத் திரள்கிறது.

எல்லைக்கு அப்பால் கேரள அரசு மின்னலை மாநிலத்துக்குரிய பேரிடராகவே அறிவித்திருக்கிறது. இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள திருவனந்தபுரத்தின் புவி அறிவியல் ஆய்வு மையத்தில் எஸ். முரளிதாஸ் நெடுங்காலம் மின்னலை ஆராய்ந்தார். தென்னையும் பலாவும் சூழ்ந்த வீடுகளில் மின்னல் நேராகக் கூரையில் இறங்குவதைவிட, மரத்தில் விழுந்து மண் வழியாகவும் கம்பி வழியாகவும் உள்ளே வருவது பெரிய சிக்கல். வீட்டைச் சுற்றி மண்ணில் ஒரு கடத்தியை வளையமாகப் புதைப்பதை அவர் வலியுறுத்தியது அதனால்தான். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பாறசாலைக்குப் பொருந்துவது களியக்காவிளைக்கும் பொருந்தும். மண்ணும் மரமும் வீடு கட்டும் முறையும் ஒன்றுதான்.

நம் வீடுகள் தெருவாக நெருங்கி நிற்பவை அல்ல. ஒவ்வொன்றும் தன் விளைக்கு நடுவே தனியாக நிற்கிறது. கம்பத்திலிருந்து சர்வீஸ் ஒயர் தென்னைகளுக்கும் ரப்பர் மரங்களுக்கும் இடையே நீண்ட தூரம் வந்துதான் வீட்டுச் சுவரைத் தொடுகிறது. மின்னல் அந்தக் கம்பியின் மேலேயே விழ வேண்டியதில்லை. அருகே எங்கு விழுந்தாலும் போதும், மின்காந்தத் தூண்டலால் நீண்ட கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்துவிடும்.

மூன்று எதிரிகள், மூன்று மருந்துகள்

“ஹை வோல்டேஜ் வந்து எல்லாம் போயிற்று” என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன. மருந்து தவறாகிப்போவது இங்கேதான்.

முதலாவது சர்ஜ். மின்னலாலோ பெரிய மோட்டார், வெல்டிங் இயந்திரம் ஆகியவற்றை ஆன்–ஆஃப் செய்வதாலோ, மின்தடைக்குப் பிறகு கரண்ட் திரும்பும்போதோ எழுவது. அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட், ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பங்கு. சோதனைக்கூடத்தில் இதை ‘8/20’ அலை என்று குறிப்பார்கள். மின்னோட்டம் 8 மைக்ரோ நொடியில் உச்சம் தொட்டு, 20 மைக்ரோ நொடியில் பாதியாக இறங்கிவிடும்.

இரண்டாவது, நியூட்ரல் அறுந்து வரும் அதிக அழுத்தம். கம்பத்தில் நியூட்ரல் கம்பி விட்டுப்போனால், வெவ்வேறு பேஸில் உள்ள வீடுகள் ஒன்றோடொன்று தொடராகி 400 வோல்ட்டுக்கு நடுவே மாட்டிக்கொள்கின்றன. குறைவாகக் கரண்ட் எடுக்கும் வீட்டில் 300, 350 வோல்ட் என்று ஏறிவிடும். இது நொடிக்கணக்கில், சில நேரம் மணிக்கணக்கில் நிற்கும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கம்பங்களைச் சாய்த்ததை யாரும் மறந்திருக்க முடியாது. புயல் வேண்டாம், ஒரு ரப்பர் கிளை ஒடிந்து கம்பிமேல் விழுந்தாலே நியூட்ரல் அறுகிறது.

மூன்றாவது, தினசரி ஏற்ற இறக்கம். விதிப்படி 230 வோல்ட்டுக்கு 6 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம். அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. மாலையில் லைனின் கடைசி வீட்டுக்கு அழுத்தம் குறைவதும், நள்ளிரவில் கூடுவதும் நாம் அன்றாடம் பார்ப்பது.

மூன்றாவதற்கு ஸ்டெபிலைசர் மருந்து. இரண்டாவதற்கு, அழுத்தம் வரம்பைத் தாண்டியதும் வீட்டையே துண்டித்துவிடும் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் மருந்து. முதலாவதற்கு மட்டுமே எஸ்.பி.டி. எனப்படும் சர்ஜ் காப்புச் சாதனம் மருந்து. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. ஸ்டெபிலைசரின் ரிலே அசையவே ஆயிரத்தில் பல பங்கு நொடி ஆகும், அதற்குள் சர்ஜ் வந்து வேலையை முடித்துப் போயிருக்கும். வீட்டு இன்வர்ட்டர், கரண்ட் இருக்கும்போது லைனை அப்படியே உள்ளே கடத்திவிடுகிறது. எம்.சி.பி. அதிக மின்னோட்டத்துக்கானது. மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மனித உயிருக்கானது, எல்லா வீட்டிலும் கட்டாயம் இருக்க வேண்டியது. ஆனால் சர்ஜைத் தடுக்கும் வேலை அதனுடையதல்ல. எஸ்.பி.டி.யும் நியூட்ரல் போன 350 வோல்ட்டைத் தாங்காது. மணிக்கணக்கில் அதைச் சுமந்தால் தானே சூடாகி உயிரை விடும்.

கூரைமேல் வைக்கும் இடிதாங்கியைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. பெஞ்சமின் பிராங்க்ளின் காலத்திலிருந்து, அதாவது 1750-களிலிருந்து, அதன் வேலை ஒன்றே: கட்டிடம் தீப்பிடிக்காமலும் பிளக்காமலும் மின்னலை மண்ணுக்கு இறக்குவது. டிவியை அது காக்காது. இடிதாங்கி உள்ள வீட்டில் அந்த மின்னோட்டம் வீட்டு எர்த்துக்கு அருகிலேயே இறங்குவதால், எஸ்.பி.டி.யின் தேவை இன்னும் கூடுகிறது. ‘ஒரே கம்பி நூறு மீட்டர் காக்கும்’ என்று விளம்பரம் செய்யப்படும் நவீன வகைகளுக்கு ஐ.இ.சி. 62305 தரநிலை எந்தச் சலுகையும் தருவதில்லை. கம்பியின் உண்மையான நீள, உயரங்களை வைத்துத்தான் காப்பு எல்லையைக் கணக்கிடச் சொல்கிறது.

நம் வீட்டுக்குத் தேவையா?

இந்தக் கேள்வியை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை. ஐ.இ.சி. 60364 என்ற உலக ஒயரிங் தரநிலை இதற்கு ஒரு கணக்கு தருகிறது. இந்தியாவின் ஒயரிங் விதித்தொகுப்பான ஐ.எஸ். 732-இன் 2019 பதிப்பும் அந்த வழியில்தான் போகிறது. கிராமப்புறத்துக்கு 85 என்ற எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வரும் தாழ்வழுத்த வான்கம்பியின் நீளத்தை இரண்டால் பெருக்கி, உயரழுத்த வான்கம்பியின் நீளத்தை 0.4-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். எல்லாம் கிலோமீட்டரில், மொத்தம் ஒரு கிலோமீட்டருக்குள். இந்தத் தொகையை, ஒரு சதுர கிலோமீட்டரில் ஓராண்டில் தரையில் விழும் மின்னல்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 85-ஐ அதனால் வகுக்க வேண்டும். விடை 1000-க்குக் கீழே வந்தால் எஸ்.பி.டி. தேவை.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 400 மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தாழ்வழுத்தக் கம்பி 0.4, இரண்டால் பெருக்க 0.8. மீதி 0.6 கிலோமீட்டர் 11 கே.வி. கம்பி, 0.4-ஆல் பெருக்க 0.24. கூட்டினால் 1.04. சதுர கிலோமீட்டருக்கு ஆண்டில் ஒரே ஒரு மின்னல் என்று மிகக் குறைத்து வைத்தாலும் விடை சுமார் 82. பத்து ஆண்டுக்கு ஒரு மின்னல் என்று வைத்தால்கூட 820-ஐ ஒட்டித்தான் வருகிறது. எல்லைக் கோடான 1000-ஐ எந்த விதத்திலும் தொடவில்லை. இடி கொட்டும் இந்த மலையடிவாரத்தில், வான்கம்பியில் கரண்ட் வாங்கும் வீட்டுக்கு எஸ்.பி.டி. தேவையா என்ற விவாதத்துக்கே இடமில்லை.

தாங்கும் சக்தியின் கணக்கும் இதையே சொல்கிறது. 230 வோல்ட் அமைப்பில் மீட்டர் பக்கத்துப் பொருள்கள் 6,000 வோல்ட் வரை திடீர் அழுத்தத்தைத் தாங்க வேண்டும், மெயின் போர்டு 4,000, டிவி, ஃபிரிட்ஜ் போன்ற சாதாரண வீட்டுப் பொருள்கள் 2,500, மென்மையான மின்னணுப் பொருள்கள் 1,500 என்று நான்கு படிகள் வகுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து வீட்டில் இருந்தது குண்டு பல்பும் பழைய ஃபேனும். இன்று பல்பிலிருந்து துணி துவைக்கும் இயந்திரம் வரை எல்லாம் கடைசி இரண்டு படிகளில் நிற்கின்றன.

முதலில் மண்

எஸ்.பி.டி. சர்ஜை விழுங்குவதில்லை. அதை எர்த்துக்குத் திருப்பி விடுகிறது. எர்த் இல்லாத வீட்டில் அதற்குத் திருப்பி விட இடமில்லை. மின்வாரியத்திலிருந்து வீட்டுக்கு வருவது பேஸும் நியூட்ரலும்தான். எர்த் வீட்டுக்காரர் தன் மண்ணில் தானே போட வேண்டியது. வீடு கட்டும்போது போட்ட எர்த் பைப் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. மேலே சிமெண்ட் பூசி, ஆட்டுக்கல் வைத்து, செடி வளர்ந்திருக்கும்.

நம் செம்மண்ணும் வெட்டுக்கல்லும் மழைக்காலத்தில் நனைந்து நல்ல கடத்தியாக இருக்கும், கும்ப மாத வெயிலில் காய்ந்து எதிர்ப்பு ஏறிவிடும். இடி தொடங்கும் மேட மாதத்தில் மண் இன்னும் காய்ந்தே இருக்கிறது. எனவே குழியை ஆழமாக, முடிந்தால் ஈரம் நிற்கும் பக்கமாக எடுப்பது, இரண்டு கம்பிகளைப் போதிய இடைவெளியில் இறக்கி இணைப்பது, கோடையில் எர்த் டெஸ்டரால் அளந்து பார்ப்பது ஆகியவை முதல் வேலை. எர்த் அமைக்கும் முறைக்கு ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எர்த் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மின்னலின் முன் அது சிறியதுதான். 5 ஓம் எர்த்தில் 20,000 ஆம்பியர் இறங்கினால், அந்த நொடியில் வீட்டு எர்த்தே ஒரு லட்சம் வோல்ட்டுக்கு உயர்ந்துவிடும். அப்போது வீட்டைக் காப்பது எல்லாம் சேர்ந்து உயர்வதுதான். குழித்துறை ஆற்றில் வெள்ளம் வரும்போது தோணி நீரோடு சேர்ந்து உயர்ந்தால் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. ஒரு முனையை மரத்தில் இறுகக் கட்டிவைத்தால் தோணி கவிழும். கேபிள் டிவிக்கு ஒரு எர்த், சோலாருக்கு ஒன்று, எஸ்.பி.டி.க்குத் தனியாக ஒன்று என்று ஒன்றோடொன்று இணைக்காமல் விட்டால், அந்தக் கவிழ்தல் டிவிக்குள் நடக்கும். எல்லா எர்த்தையும், இரும்புத் தண்ணீர்க் குழாயையும், கட்டிடக் கம்பியையும் ஒரு முனையில் ஒன்றாகக் கட்டுவதே பாதுகாப்பின் பாதி. முரளிதாஸ் சொன்ன வளையக் கடத்தியின் தத்துவமும் இதுவே. புது வீடு கட்டுபவர் அஸ்திவாரம் தோண்டும்போதே அதைப் புதைத்துவிட்டால் செலவு மிகக் குறைவு.

பிறகு போர்டு: எஸ்.பி.டி.யைத் தேர்ந்தெடுப்பது

எஸ்.பி.டி.க்குள் பெரும்பாலும் இருப்பது துத்தநாக ஆக்சைடு வில்லை. 1960-களின் இறுதியில் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் உருவானது. சாதாரண அழுத்தத்தில் அது கரண்டை விடாது. அழுத்தம் வரம்பைத் தாண்டினால் சட்டென்று திறந்து வழிவிடும். சர்ஜ் போனதும் மீண்டும் மூடிக்கொள்ளும். என் ஸ்பைக் பெட்டியில் இருந்ததும் இதே வகைதான். வேறுபாடு அளவிலும் இணைப்பிலும் இருக்கிறது.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரரை நம்பியிருக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியவை ஐந்து.

முதலில் தரநிலை எண். ஐ.இ.சி. 61643-11 என்று இல்லாத பெட்டியை வாங்க வேண்டாம்.

இரண்டாவது வகை. முதல் வகை, நேராக விழும் மின்னலின் மின்னோட்டத்தைத் தாங்குவது. அதன் சோதனை அலை ‘10/350’, மிக நீளமானது. இரண்டாம் வகை, தூண்டலால் வரும் சர்ஜுக்கு. மூன்றாம் வகை, பொருளுக்குப் பக்கத்தில் வைப்பது. வீட்டில் இடிதாங்கி இருந்தால் முதல் வகை தவிர்க்க முடியாதது. இடிதாங்கி இல்லாமல், ஆனால் தனியாக நீளும் வான்கம்பியில் கரண்ட் வாங்கும் நம் விளை வீடுகளுக்கு, முதலும் இரண்டும் சேர்ந்த ஒருங்கிணைந்த வகை சிறந்தது. நேர்மின்னல் அலைக்கு ஒரு துருவத்துக்கு 12.5 கிலோ ஆம்பியர் தாங்குவது கடைகளில் கிடைக்கிறது. களியக்காவிளைச் சந்தைப் பக்கத்துக் கட்டிடங்கள் போல நெருங்கிய வீடுகளுக்கு இரண்டாம் வகை போதும். அதில் இயல்பு மின்னோட்டம் 20, உச்சம் 40 கிலோ ஆம்பியர் என்று இருப்பதை எடுக்கலாம்.

மூன்றாவது, தொடர்ந்து தாங்கும் அழுத்தம். 275, 320, 385 என்று வரும். நள்ளிரவில் அழுத்தம் ஏறும் நம் லைன்களுக்கு 275 நெருக்கடியானது, சீக்கிரமே தளர்ந்துபோகும். 385 எடுத்தால் காக்கும் அளவு மோசமாகும். 320 நடுவழி.

நான்காவது, காக்கும் அளவு. சர்ஜ் போகும்போது பொருளுக்கு மிஞ்சும் அழுத்தம் இது. 1.5 கிலோ வோல்ட்டோ அதற்குக் குறைவோ இருக்க வேண்டும். எண் சிறிதாக இருந்தால் நல்லது.

ஐந்தாவதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒற்றை பேஸுக்கு ‘1+1’, மூன்று பேஸுக்கு ‘3+1’ என்று அச்சிட்டிருக்க வேண்டும். எர்த் நம்முடைய சொந்த மண்ணில் இருக்கும் அமைப்புக்கு இது கட்டாயம். இதில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வில்லை இருக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வாயு நிரப்பிய குழாய் இருக்கும். இது இல்லாமல் பேஸிலிருந்து நேரே எர்த்துக்கு வில்லை வைத்த சாதனம் பழுதாகி ஷார்ட் ஆனால், மண்ணின் எதிர்ப்பு அதிகம் என்பதால் ஃபியூஸ் போகாது. வீட்டு எர்த் கம்பி முழுவதும் கரண்ட் ஏறி நிற்கும். ஃபிரிட்ஜ் கதவைத் தொடுபவர் உயிருக்கே ஆபத்து. ‘1+1’ இணைப்பு உள்ள எஸ்.பி.டி.யை ஆர்.சி.சி.பி.க்கு முன்னால், மீட்டர் பக்கம் வைக்கலாம். இடி வெட்டும் போதெல்லாம் ஆர்.சி.சி.பி. விழுந்து ஃபிரிட்ஜ் அணைந்துபோகும் தொல்லையும் குறையும்.

இவை தவிர, பழுதானால் பச்சை மாறிச் சிவப்பாகும் சிறு ஜன்னலும், போனதும் தனியே கழற்றி மாற்றக்கூடிய கார்ட்ரிஜும், தயாரிப்பாளர் சொன்ன அளவில் முன்னால் ஒரு ஃபியூஸும் இருக்க வேண்டும்.

ஒயர் நீளம்: கண்ணுக்குத் தெரியாத தவறு

நல்ல சாதனம் வாங்கியும் பயனில்லாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒயர் போடும் விதம். உறவினர் ஒருவரின் புது வீட்டு போர்டைத் திறந்து பார்த்தேன். விலையுயர்ந்த எஸ்.பி.டி., ஜன்னல் பச்சையாக இருந்தது. ஆனால் அதிலிருந்து எர்த் கட்டைக்குப் போகும் பச்சை ஒயர் போர்டுக்குள்ளேயே அழகாகச் சுருட்டி, டை போட்டு, ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு இருந்தது. ஒயர்மேன் வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருந்தார். ஆனால் அந்தச் சுத்தம்தான் குறை.

ஒரு மீட்டர் ஒயரின் தூண்டல் சுமார் ஒரு மைக்ரோஹென்றி. 10 கிலோ ஆம்பியர் சர்ஜ் 8 மைக்ரோ நொடியில் ஏறும்போது, ஒவ்வொரு மீட்டர் ஒயரிலும் ஏறத்தாழ 1,250 வோல்ட் எழும். ஒன்றரை மீட்டரில் கிட்டத்தட்ட 1,900. சாதனம் 1,500-இல் நிறுத்தினாலும், ஒயரோடு சேர்த்து ஃபிரிட்ஜுக்குப் போவது 3,400. அது தாங்குவது 2,500 மட்டுமே. பேஸிலிருந்து எஸ்.பி.டி. வழியாக எர்த் கட்டை வரை மொத்த ஒயரும் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று தரநிலை சொல்வது இதனால்தான். சுருட்டுவது கூடாது, வளைவு கூடாது, நேராகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு எர்த் ஒயர் குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் தாமிரம், முதல் வகைக்கு 16. அந்த உறவினர் வீட்டில் ஒயர்மேனை அழைத்துக் கணக்கைச் சொன்னேன். பத்தே நிமிடத்தில் ஒயரைக் குறைத்துக் கொடுத்தார், செலவு எதுவும் ஆகவில்லை.

எஸ்.பி.டி.யிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் பொருளுக்கு, அந்த இடத்திலேயே இன்னொரு எஸ்.பி.டி. வேண்டும். மாடி போர்டுக்கு இரண்டாம் வகை, கணினி அறைக்கு மூன்றாம் வகை. தரமான ஸ்பைக் பெட்டிக்கு இடம் இங்கேதான் வருகிறது, அதுவும் எர்த் கம்பி உண்மையில் இருக்கும் சாக்கெட்டில்.

நியூட்ரலுக்கு ஒரு காவல்

எஸ்.பி.டி.க்கு அடுத்த இடம் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃபுக்கு. டி.ஐ.என். ரெயிலில் பொருந்தும் சிறிய சாதனம். அழுத்தம் 270 போன்ற வரம்பைத் தாண்டினால் உடனே துண்டிக்கும், சீரான பிறகு சிறிது நேரம் காத்துத் திரும்ப இணைக்கும். என் கணிப்பில், மின்னலுக்குச் சமமான இழப்பை இந்த வட்டாரத்தில் நியூட்ரல் அறுவதும் உண்டாக்குகிறது. மரங்களுக்கு நடுவே லைன் ஓடும் ஊரில் இதைத் தவிர்ப்பது தவறான சிக்கனம். கிளை உரசும் லைனை வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து வெட்டச் சொல்வதும் இதே பாதுகாப்பின் பகுதி.

மற்ற வாசல்கள்

சர்ஜ் மீட்டர் வழியாக மட்டும் வருவதில்லை. கூரையின் டிஷ் ஆன்டெனா கேபிள், கேபிள் டிவி ஒயர், முற்றத்துக் கேமரா ஒயர், கேட் மோட்டார், கிணற்று மோட்டார் ஆகிய எல்லாமே வாசல்கள். இணைய ஃபைபர் கேபிளின் கண்ணாடி இழை கரண்ட் கடத்தாது. ஆனால் அதைத் தாங்க உள்ளே ஓடும் எஃகுக் கம்பி கடத்தும், அது மோடம் வரை வராமல் வீட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட வேண்டும். வெளியே இருக்கும் கேமராவுக்கான நெட்வொர்க் ஒயருக்கும் டிஷ் கேபிளுக்கும் தனி எஸ்.பி.டி. கிடைக்கிறது. அதன் எர்த்தும் அதே பொது முனைக்கு வர வேண்டும்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பதால் நம் ஊர் மாடிகளிலும் சோலார் ஏறிவருகிறது. வீட்டின் மிக உயரமான இடத்தில் உலோகச் சட்டம் வைத்து அதிலிருந்து கம்பியை உள்ளே கொண்டுவருகிறோம் என்பதை மறக்கக் கூடாது. தகடு பக்கம் நேர்மின்னோட்டத்துக்கான (டி.சி.) எஸ்.பி.டி. தனியாக வேண்டும், அதன் அழுத்த எண் தகடுகளின் மொத்தத் திறந்த சுற்று அழுத்தத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஏ.சி. எஸ்.பி.டி.யை அங்கே வைப்பது தீ ஆபத்து. நிறுவுபவர் கையெழுத்து கேட்கும்போது இதைக் கேளுங்கள்.

பணம் எந்த வரிசையில்?

முதல் செலவு எர்த்தும் எல்லா எர்த்தையும் ஒன்றாக இணைப்பதும். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் எர்த் வருகிறதா என்று சோதிப்பதும் இதிலேயே அடங்கும். இரண்டாவது, ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அது. மூன்றாவது, மெயின் போர்டில் 320 வோல்ட், 1.5 கிலோ வோல்ட்டுக்குள், ‘1+1’ அல்லது ‘3+1’ எஸ்.பி.டி., அரை மீட்டர் ஒயரில். சில ஆயிரம் ரூபாயில் முடிவது இது, ஒரு ஃபிரிட்ஜ் போர்டை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் பெரிதல்ல. நான்காவது, ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப். ஐந்தாவது, கேமரா, டிஷ், சோலார் பக்கத்துக் காப்பு. ஸ்பைக் பெட்டி கடைசி. நம்மில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் வாங்கி, அதோடு நிறுத்திவிடுகிறோம்.

இவை எல்லாம் செய்தாலும் நேர் மின்னலுக்கு முழு உத்தரவாதம் யாரும் தர முடியாது. ஒரு மின்னலின் மின்னோட்டம் சாதாரணமாகவே 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும், அரிதாக 2 லட்சம் வரை போகும். அதனால் வீட்டுக் காப்பீட்டையும் எண்ண வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா நிறுவனங்களும் தரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் மின்னல் சேதமும் அடங்கும். பொருள்களைவிட உயிர் பெரிது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் மட்டும் நாட்டில் 2,887 பேர் மின்னலுக்குப் பலியானார்கள். இடி கேட்டால் விளையில் ரப்பர் பால் எடுப்பதையும் மாடியில் துணி எடுப்பதையும் நிறுத்தி உள்ளே வர வேண்டும். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி பக்கத்தில் மின்னல் நெருங்குவதை முன்கூட்டிச் சொல்லும்.

மூத்தவர்கள் சொன்ன பிளக் ஊரும் பழக்கத்தையும் விட வேண்டாம். ஆள் இருக்கும்போது அது, ஆள் இல்லாதபோது எஸ்.பி.டி. இரண்டும் சேர்ந்தால்தான் காப்பு முழுமை. மேட மாதத்து முதல் இடி வெட்டும் முன், எஸ்.பி.டி. வாங்கக் கடைக்குப் போகும் முன், ஒரு நாள் காலை வீட்டுக்குப் பின்னால் போய் உங்கள் எர்த் குழி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அதைக் கண்டுபிடித்து, மூடி திறந்து, கம்பி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு கடைக்குப் போகலாம்.